புது ராப்பர்களையும் மிக்ஸ்டேப்புகளையும் நாமளே தேடிப் புடிக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

ஆப்பைத் தொறந்தா தானா ஓடுற பத்து பாட்டைக் கேட்டுட்டு "ஹிப் ஹாப் முடிஞ்சு போச்சுப்பா, புதுசா எவனும் வரல"னு சொல்ற ஆள் எல்லா ஃப்ரெண்ட்ஸ் குரூப்லயும் ஒருத்தர் இருப்பாங்க, கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் எங்க குரூப்ல அது நான்தான். அப்புறம்தான் புரிஞ்சுது, ஆப் காட்டுறது நாம ஏற்கெனவே கேட்ட பாட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டைத்தான், தெருவைத் தாண்டவே தாண்டாது. நேத்து ராத்திரி ஒரு பையன் பெட்ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்ணி ஏத்தி விட்ட பாட்டு அதுக்கு எப்படித் தெரியும், அதை இன்னும் நாலு பேர் கூட கேக்கலையே.

கீழ இருக்கற எல்லா ஸ்டெப்லயும் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி சொல்லியிருக்கேன்: பாட்டைத் தேடாதீங்க, ஆளுங்களைப் புடிங்க. எந்த ராப்பரும் தனியா வர்றதில்ல. பீட் (ராப்புக்குப் பின்னால ஓடற மியூசிக்) போட்டவன், கூட பாடினவன், வீடியோ எடுத்தவன், அதே ஊர்ல அவனுக்குப் போட்டியா இருக்கறவன்னு கும்பலாத்தான் வருவாங்க. ஒருத்தன் கை சிக்கினா மொத்தக் கும்பலையும் இழுத்துடலாம்.

தேடறதுக்கு முன்னாடி: மிக்ஸ்டேப்னா எது

இது தெரியாம இறங்கினா தப்பான எடத்துல தேடிட்டு இருப்பீங்க, அதனால கொஞ்சம் பழைய கதை. 1970-கள்ல நியூயார்க்கோட பிராங்க்ஸ் பார்ட்டிகள்ல டிஜே வாசிச்சதைக் கேசட்ல புடிச்சு கைக்குக் கை மாத்தினாங்கல்ல, ஆரம்பம் அதுதான். 90-கள்ல நியூயார்க்ல கிட் காப்ரி, ரான் ஜி, டிஜே க்ளூ இவங்க பேருக்காகவே டேப் வித்துச்சு, இன்னும் ரிலீஸ் ஆகாத பாட்டை யார் முதல்ல போடறாங்கன்னு அவங்களுக்குள்ள ஒரே போட்டி. அந்தப் பக்கம் ஹூஸ்டன்ல டிஜே ஸ்க்ரூ பாட்டோட வேகத்தை நல்லாக் குறைச்சு, நடுவுல வெட்டி வெட்டி ஒட்டி, சாம்பல் கலர் கேசட்டுல போட்டு வீட்டுல வெச்சே வித்தாரு, இன்னைக்கு இன்ஸ்டா ரீல்ஸ்ல கேக்கற ஸ்லோ வெர்ஷனுக்கெல்லாம் மூத்த தாத்தா அவருதான்.

2002 வாக்குல 50 சென்ட் இதோட போக்கையே மாத்தினாரு. லேபிள் (பாட்டு கம்பெனி) கழட்டி விட்டுடுச்சு, அதனால அடுத்தவங்க ஹிட் பீட்டை எடுத்து அது மேல தன்னோட வரிகளைப் போட்டு டேப் மேல டேப்பா தெருவுல இறக்கினாரு, அது எமினெம் காதுக்குப் போய் ஒப்பந்தமே ஆச்சு. அதுல இருந்து மிக்ஸ்டேப்னா ராப்பரோட டேப்னு ஆயிடுச்சு. 2007 ஜனவரில அட்லாண்டால மிக்ஸ்டேப் போட்டுட்டு இருந்த டிஜே ட்ராமா, டான் கேனன் ரெண்டு பேரையும் போலீஸ் ரெய்டு பண்ணி கைது பண்ணினாங்க, கள்ள சிடி விக்கறாங்கன்னு கேஸ். இதுல காமெடி என்னன்னா, விளம்பரத்துக்காக அவங்களுக்குப் பாட்டு குடுத்துட்டு இருந்ததே லேபிள்காரங்கதான். அதுக்கப்புறம் சிடி குறைஞ்சு எல்லாம் இலவச டவுன்லோடுக்கு நகர்ந்துச்சு. 2009-ல ட்ரேக் தன்னோட டேப்பை சும்மாவே குடுத்தாரு. நிப்ஸி ஹஸில் 2013-ல நெட்ல இலவசமா விட்ட அதே டேப்போட சிடியை ஒண்ணு 100 டாலர்னு 1000 காப்பி மட்டும் வித்துக் காட்டினாரு, அதுல 100 காப்பி ஜே-ஸி வாங்கினாரு.

இதெல்லாம் எதுக்குன்னா, டேப் வந்த வருஷத்தை வெச்சுத்தான் அதை எங்க தேடணும்னு முடிவு பண்ணணும். சுமார் 2005-ல இருந்து 2015 வரைக்கும் வந்த இலவச டேப் நிறைய ஸ்ட்ரீமிங் ஆப்ல இல்லவே இல்ல, இல்லன்னா அரைகுறையா இருக்கு. அடுத்தவங்க பீட்டும் சாம்பிளும் (வேற பாட்டுல இருந்து வெட்டி எடுத்த துண்டு) அனுமதி இல்லாம போட்டது, காசு வாங்காத வரைக்கும் யாரும் பெருசா கண்டுக்கல, ஸ்ட்ரீமிங்ல ஏத்தினா வக்கீல் வந்துடுவாரு. சான்ஸ் தி ராப்பரோட 2013 டேப் 'ஆசிட் ராப்' 2019-ல ஸ்ட்ரீமிங்குக்கு வந்தப்போ அதுல ஒரு பாட்டு இருந்த எடத்துல 30 செகண்ட் பேச்சு மட்டும்தான் இருந்துச்சு, சாம்பிளுக்கு அனுமதி கிடைக்கலன்னு அவரே சொல்லிட்டுப் போவாரு. மேக் மில்லரோட 2014 டேப் 'ஃபேசஸ்' ஸ்ட்ரீமிங்குக்கு வர 2021 ஆச்சு. இப்போ புதுசா 'மிக்ஸ்டேப்'னு பேர் போட்டு வர்றதுல பாதி ஆல்பம்தான், எதிர்பார்ப்பைக் குறைச்சு வைக்க அப்படிச் சொல்லிக்கிறாங்கன்னு என் சந்தேகம்.

ஸ்டெப் 1: ஒரு ஊரைப் புடிங்க

"புது ராப்பர்"னு சர்ச் பண்ணினா குப்பைதான் வரும். ராப் இன்னைக்கும் ஊர் ஊராத்தான் வளருது, ஊருக்கு ஒரு சவுண்டு இருக்கு. டெட்ராய்ட், ஃப்ளின்ட் பக்கம் பியானோவும் கனமான பேஸும் ஓடிட்டே இருக்கும், ராப்பர் பீட்டுக்கெல்லாம் காத்திருக்க மாட்டான், மூச்சு விடாம ஜோக்கு ஜோக்கா அடிச்சுட்டே போவான், பல பாட்டுல ஹூக்கே (திரும்பத் திரும்ப வர்ற வரி) இருக்காது. மில்வாக்கில கை தட்டற சத்தம் நிக்காம அடிக்கும், ஆடறதுக்குன்னே செஞ்ச மாதிரி. மெம்ஃபிஸ் இருட்டா இருக்கும். நியூ ஜெர்சில கிளப் மியூசிக்கோட கிக் ட்ரம்மை ராப்புக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. பஃபலோல கிரிசெல்டா கும்பல், ட்ரம்மே இல்லாத பழைய சோல் லூப் (திரும்பத் திரும்ப ஓடற துண்டு) மேல நிதானமா பேசற மாதிரி ராப் பண்ணுவாங்க.

டிரில்ங்கற ராப் வகை எப்படி ஊர் மாறுச்சுன்னு மட்டும் பாத்தா போதும், இந்த விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சிடும். 2012 வாக்குல சிகாகோல சீஃப் கீஃப் வயசுப் பசங்க கிளப்பினது, லண்டனுக்குப் போய் அங்க வழுக்கிட்டுப் போற 808 (ட்ரம் மெஷின்) பேஸோட வேற உருவம் எடுத்துச்சு, அந்த லண்டன் பீட்டை ப்ரூக்ளின்ல பாப் ஸ்மோக் யூட்யூப்ல கண்டுபுடிச்சு அது மேல ராப் பண்ணினாரு. பீட் போட்ட 808மெலோ கிழக்கு லண்டன்காரரு. ஆக ப்ரூக்ளின் சவுண்டுன்னு உலகம் கொண்டாடினது கடல் தாண்டி வந்த சரக்கு.

ஏற்கெனவே உங்களுக்குப் புடிச்ச ரெண்டு பாட்டு எந்த ஊர்னு மட்டும் பாருங்க. அந்த ஊரை எடுத்துக்கிட்டு ஒரு மாசம் வேற பக்கம் திரும்பாதீங்க. எல்லா ஊரையும் ஒரே நேரத்துல மேஞ்சா ஒரு பேரும் மனசுல நிக்காது, நான் பட்டிருக்கேன்.

ஸ்டெப் 2: கிரெடிட்ஸை நோண்டுங்க

என்னைக் கேட்டா முக்கியமான ஸ்டெப் இதுதான், மத்ததெல்லாம் விட்டாலும் இதை விடாதீங்க. பாட்டுப் பக்கத்துல மூணு புள்ளியை அமுக்கினா கிரெடிட்ஸ், அதாவது பாட்டுல யார் யார் வேலை செஞ்சாங்கன்னு, வரும். ராப்பர் பேரைத் தாண்டி ப்ரொட்யூசர் (பீட் போட்டவர்) யாருன்னு பாருங்க, அந்தப் பேரைத் தூக்கி சர்ச்ல போடுங்க. பெரிய ராப்பருக்கு பீட் குடுக்கற அதே ஆள் பெயரே தெரியாத பத்து பேருக்கும் குடுத்திருப்பாரு, அந்தப் பத்து பேர்ல ரெண்டு பேராவது கேக்கற மாதிரி இருப்பாங்க, ஏன்னா காது உள்ள ப்ரொட்யூசர் கண்டவனுக்கும் நல்ல பீட்டைத் தர மாட்டாரு.

ஆல்கமிஸ்ட்ங்கற ப்ரொட்யூசரை எடுத்துக்கோங்க. 2020-ல ஃப்ரெடி கிப்ஸ் கூட போட்ட ஆல்பம் மூலமா நிறைய பேருக்கு அவரைத் தெரியும். அதே வருஷம் டெட்ராய்டோட போல்டி ஜேம்ஸ் கூட ஒரு ஆல்பம், 2021-ல ஆர்மண்ட் ஹாமர்ங்கற ரெண்டு பேர் குரூப் கூட ஒண்ணு, 2023-ல ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் கூட ஒண்ணு. போல்டி ஜேம்ஸைப் புடிச்சா கிரிசெல்டா பக்கம் கதவு தொறக்கும், ஆர்மண்ட் ஹாமரைப் புடிச்சா அதுல பாதியான பில்லி வுட்ஸ் நடத்தற பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸ் லேபிள் வரும், அந்த லேபிள்ல இருக்கற மத்த பேர் எல்லாம் வரும். ஒரே ஒரு ப்ரொட்யூசர் பேர்ல இருந்து ஒரு சனிக்கிழமை ராத்திரில இவ்ளோ தூரம் நான் போயிருக்கேன், காலைல கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்.

ஃபீச்சரும் (அடுத்தவர் பாட்டுல வந்து பாடறது) இதே கதைதான். பெரிய ஆள் டேப்ல பன்னெண்டாவது பாட்டுல, யாரும் கேக்காத எடத்துல ஒரு புதுப்பேர் இருந்தா அது சும்மா வந்திருக்காது, பெரும்பாலும் அவரோட ஊர்ப்பையன், தம்பி மாதிரி கூட சுத்தறவன். ஸ்பாட்டிஃபைல ராப்பர் பக்கத்துல கீழ போனீங்கன்னா அவர் வேற யார் யார் பாட்டுல வந்திருக்காருன்னு தனி வரிசை இருக்கும், பாதிப் பேர் அதுவரைக்கும் ஸ்க்ரோல் பண்றதே இல்ல.

பீட் ஆரம்பத்துல ஒரு குரல் ஏதோ ஒரு பேரையோ வாக்கியத்தையோ சொல்லும்ல, அது ப்ரொட்யூசர் டேக். கிரெடிட்ஸ் போடாத பாட்டுல அந்த டேக்தான் உங்க துப்பு.

ஸ்டெப் 3: சவுண்ட்கிளவுட்ல அடுத்தவங்க லைக்ஸைப் படிங்க

சவுண்ட்கிளவுட்னா யார் வேணா பாட்டு ஏத்தற சைட். லில் ஊஸி வர்ட், ஜூஸ் வேர்ல்ட், லில் பம்ப்னு ஒரு தலைமுறையே இங்க இருந்து வந்ததால 'சவுண்ட்கிளவுட் ராப்'னு பேரே வந்துச்சு. அந்தக் கூட்டம் போயிட்டாலும் புதுப்பசங்க முதல்ல ஏத்தறது இன்னும் இங்கதான், ஏன்னா ஸ்ட்ரீமிங் ஆப்ல போட நடுவுல ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேணும், நாள் ஆகும், இங்க பாட்டு முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஏத்திடலாம்.

சவுண்ட்கிளவுட்டோட மெயின் பக்கத்தை நான் பாக்கறதே இல்ல. நான் செய்யறது இதுதான்: ஸ்டெப் 2-ல கிடைச்ச சின்ன ராப்பர் ஒருத்தரோட ப்ரொஃபைலுக்குப் போறேன். அவரோட பாட்டை விட்டுட்டு நேரா லைக்ஸ், ரீபோஸ்ட், அவர் யாரை ஃபாலோ பண்றாரு, இந்த மூணையும் பாக்கறேன். ஆயிரம் ஃபாலோயர் உள்ள ஒருத்தர் நாப்பது பேரை மட்டும் ஃபாலோ பண்றாருன்னா அந்த நாப்பதுல முப்பது அவரோட சீன்தான், கூட ஸ்டூடியோல இருக்கறவங்க, பீட் குடுக்கறவங்க, பொறாமையோட கவனிக்கறவங்க. அதே பேர் மூணு பேரோட லைக்ஸ்ல திரும்பத் திரும்ப வந்தா உடனே கேளுங்க, அந்த ஊர்ல அடுத்து வரப்போறவன் யாருன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு நம்மளை விட முன்னாடியே தெரியும்.

கமென்ட்டையும் பாருங்க. சவுண்ட்கிளவுட்ல கமென்ட் பாட்டோட எந்த செகண்ட்ல போட்டாங்களோ அந்த எடத்துலயே நிக்கும், ஒரு வரி வர்ற எடத்துல கும்பலா கமென்ட் குவிஞ்சிருந்தா அங்க ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம்.

ஸ்டெப் 4: யூட்யூப்ல ஃப்ரீஸ்டைல் சேனல், டைப் பீட்

ஒரே ஷாட்ல ராப்பரை நிக்க வெச்சு பாட விடற சேனல்கள்தான் வடிகட்டியை வேகமா ஓட்டித் தரும். ஆன் தி ரேடார் நியூயார்க்ல இருந்து வருது, 2023-ல ட்ரேக்கும் சென்ட்ரல் சீயும் சேர்ந்து வந்துட்டுப் போனதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு, ஆனா அதுல வர்றவங்கள்ல நிறைய பேர் பேரே கேள்விப்படாதவங்க. ஃப்ரம் தி பிளாக்ல மேலருந்து ஒரு மைக் தொங்கும், ராப்பர் சொந்தத் தெருவுல நின்னு பாடுவாரு. பிரிட்டன் பக்கம் ஜிஆர்எம் டெய்லி, லிங்க் அப் டிவி, மிக்ஸ்டேப் மேட்னஸ். இதுக்கெல்லாம் வழி போட்டது 2006-ல லண்டன்ல ஜமால் எட்வர்ட்ஸ் சின்னப் பையனா இருக்கும்போது ஆரம்பிச்ச எஸ்பிடிவி. பெர்லின்ல இருந்து வர்ற கலர்ஸ் பாக்க அழகா இருக்கும், ஆனா அங்க வர்றதுக்குள்ள ஆளுக்கு மேனேஜர் எல்லாம் வந்திருப்பாங்க.

பாக்கறப்போ வியூஸ் அதிகமானதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. சேனலோட வீடியோ லிஸ்ட்டைப் புதுசு முதல்னு வரிசை மாத்தி, கடைசி முப்பது வீடியோவை ஆளுக்கு நாப்பது செகண்ட் கேளுங்க. நிமிர்ந்து உக்கார வெச்சதை மட்டும் சேவ் பண்ணுங்க. முப்பதுல மூணு தேறினா நல்ல நாள். தேடறப்போ ஊர் பேரோட 'after:'-ன்னு இங்கிலீஷ்ல அடிச்சு தேதி போட்டா அந்தத் தேதிக்கு அப்புறம் வந்தது மட்டும் வரும், 'before:' போட்டா பழசு மட்டும் வரும்.

டைப் பீட் தேடறது நிறைய பேருக்குத் தோணாது. பீட் போடறவங்க பிரபலமான ராப்பர் பேரைப் போட்டு 'இவர் மாதிரி டைப் பீட்'னு யூட்யூப்ல ஏத்துவாங்க. லில் நாஸ் எக்ஸ் உலக ஹிட் குடுத்த பீட் 30 டாலருக்கு ஆன்லைன்ல வாங்கினது, போட்டவரு நெதர்லாண்ட்ஸ்ல ஒரு சின்னப் பையன். டிசைனரோட முதல் ஹிட்டும் பிரிட்டன்ல ஒருத்தர் ஆன்லைன்ல வித்த பீட்தான். அந்த மாதிரி பீட் வீடியோ கீழ கமென்ட்ல "இது மேல நான் பாடியிருக்கேன், கேளுங்க"ன்னு நூறு பேர் கெஞ்சுவாங்க. தொண்ணூத்தெட்டு மோசம். அந்த ரெண்டுக்காகத்தான் போறோம்.

ஸ்டெப் 5: பேண்ட்கேம்ப்ல காசு குடுத்தவங்களைப் பாருங்க

லிரிக்ஸ் கனமா இருக்கற, சாம்பிள் மணம் வீசற அண்டர்கிரவுண்ட் ராப் புடிக்கும்னா, பாட்டைக் காசு குடுத்து வாங்கற இந்த சைட்தான் உங்க எடம். வகை வகையா பிரிச்ச டேக் பக்கத்துக்குப் போய் புதுசா வந்ததை முதல்ல காட்டச் சொல்லலாம், ஆனா அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு ஆல்பம் பக்கத்துலயும் அதை வாங்கினவங்களோட குட்டிப் படங்கள் வரிசையா இருக்கும், அதுல ஒண்ணை அமுக்கினா அவங்க வேற என்னெல்லாம் வாங்கினாங்கன்னு மொத்த கலெக்‌ஷனும் தொறக்கும். உங்களுக்கு உயிரான ஒரு டேப்பை வாங்கினவர் வேற முன்னூறு டேப் காசு குடுத்து வாங்கியிருக்காருன்னா அவர்தான் உங்க அல்காரிதம். லைக் சும்மா போடலாம், காசு யாரும் சும்மா குடுக்க மாட்டாங்க.

ஸ்டெப் 6: பழைய டேப்புக்கு இன்டர்நெட் ஆர்கைவ்

டாட்பிஃப்தான் 2005-ல இருந்து இலவச டேப்புக்கெல்லாம் கோயில் மாதிரி இருந்துச்சு. 2023-ல சைட் படுத்தப்போ, அங்க இருந்த டேப்புகள் பெரிய அளவுல இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற இலவச டிஜிட்டல் நூலகத்துல வந்து சேர்ந்துச்சு. அங்க போய் ராப்பர் பேரும் மிக்ஸ்டேப்னும் போட்டுத் தேடுங்க. ஒரே டேப் ரெண்டு மூணு தடவை இருக்கும். 'டிஜே இல்லாத வெர்ஷன்'னு ஒண்ணு கிடைச்சா எடுத்துக்கோங்க, இல்லன்னா பாட்டு நடுவுல டிஜே கத்திட்டே இருப்பாரு (சிலருக்கு அந்தக் கத்தல்தான் ஏக்கமே, அது வேற விஷயம்). தெரியாத சைட்ல இருந்து ஜிப் ஃபைல் இறக்காதீங்க, எம்பி3 கேட்ட எடத்துல ப்ரோக்ராம் ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க.

ஸ்டெப் 7: எழுதறவங்க, லிஸ்ட்டுங்க

எக்ஸ்எக்ஸ்எல் பத்திரிகை புது ராப்பர்களை வெச்சு வருஷா வருஷம் போடற ஃப்ரெஷ்மேன் லிஸ்ட் நல்லதுதான், 2011-ல கெண்ட்ரிக் லாமார், மேக் மில்லர் ரெண்டு பேரும் இருந்தாங்க, 2016-ல 21 சாவேஜ், கோடாக் பிளாக், லில் யாட்டி எல்லாம். ஆனா லிஸ்ட்ல வர்றப்போ ஆள் ஏற்கெனவே பாதி தூரம் வந்திருப்பாரு. அதை நான் பின்னாடி நடக்கத்தான் பயன்படுத்தறேன்: லிஸ்ட்ல இருக்கறவர் ரெண்டு வருஷம் முன்னாடி யார் கூட பாடினாரு, அந்த ஆள் இப்போ என்ன பண்றாரு. ரெடிட்ல ஹிப்ஹாப்ஹெட்ஸ் குரூப்ல புதுப்பாட்டுக்கு 'ஃப்ரெஷ்'னு டேக் போடுவாங்க, அங்கயும் மேல ஏறினதை விட்டுட்டு 'புதுசு' வரிசையைத்தான் பாக்கணும். "கவனிக்க வேண்டிய பத்து ராப்பர்கள்" டைப் கட்டுரைகள்ல பல காசு வாங்கிட்டுப் போட்டது, பத்து பேருக்கும் ஒரே மாதிரி பாராட்டு இருந்தா மூடிட்டு வந்துடுங்க.

ஸ்டெப் 8: போலியைக் கண்டுபுடிக்கிறது

மாசம் மூணு லட்சம் லிசனர்ஸ்னு காட்டும், ஆனா யூட்யூப்ல கமென்ட் ஆறு. காசு குடுத்து ஏத்தின நம்பர். ஸ்பாட்டிஃபைல ராப்பர் பத்தின பகுதில எந்த ஊர்ல அதிகம் கேக்கறாங்கன்னு அஞ்சு ஊர் வரும், ஆள் டெட்ராய்ட், கேக்கறவங்க எல்லாம் அவருக்குத் துளி சம்பந்தமே இல்லாத நாட்டுல இருந்தா யோசிங்க. ஒரே ப்ளேலிஸ்ட்ல இருந்து வந்த ஒரு பாட்டுக்கு லட்சம், மத்ததுக்கு முன்னூறுன்னா அதுவும் அப்படித்தான். இப்போ ஏஐ குரல்ல டேப் வேற வருது, அதனால புதுப்பேர் கிடைச்சதும் ஒரு லைவ் கிளிப்பாவது இருக்கான்னு பாருங்க, சின்ன கிளப்ல இருபது பேர் முன்னாடி ஃபோன்ல எடுத்ததா இருந்தாலும் போதும். அந்த இருபது பேரும் கூட சேர்ந்து பாடினாங்கன்னா ஆள் நிஜம், வளரவும் போறாரு.

ஸ்டெப் 9: கேக்கற விதம்

முதல் பாட்டு எப்பவும் நல்லாத்தான் இருக்கும், ஆளைக் கவர வெச்சது. அதனால நான் ஃபீச்சர் யாருமில்லாத ஒரு நடுப்பாட்டையும் கடைசிப் பாட்டையும் முதல்ல கேப்பேன், தனியா மூணு நிமிஷம் தாக்குப் புடிக்கிறானான்னு அதுல தெரிஞ்சிடும். புது ஊர் உச்சரிப்பு காதுல ஏற ரெண்டு மூணு நாள் ஆகும், முதல் தடவை ஒண்ணும் புரியலன்னா அது உங்க தப்பும் இல்ல அவன் தப்பும் இல்ல, ஜீனியஸ்ங்கற லிரிக்ஸ் சைட்ல வரியைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு தடவை, மூடி வெச்சுட்டு ஒரு தடவை கேளுங்க. ரொம்பப் புதுப்பசங்களோட வரி அங்க இருக்காது, நீங்களே கேட்டு எழுத வேண்டியதுதான், அதுல ஒரு கிக்கே இருக்கு.

ஸ்டெப் 10: எழுதி வைங்க, இறக்கி வைங்க

ஃபோன் நோட்ஸ்ல ஒரு வரி போதும்: பேர், ஊர், பீட் யாரு, எங்க கிடைச்சுது, எந்தத் தேதி. ஆறு மாசம் கழிச்சு அந்த வரிகளைப் பாத்தா ஒரே ப்ரொட்யூசர் பேர் அஞ்சு தடவை வந்திருக்கும், உங்களுக்கே தெரியாம உங்க காது அவரைத் தேடிட்டு இருந்திருக்கும்.

இதை நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். ஒரு மிக்ஸ்டேப் சைட்ல நாலஞ்சு வருஷமா புடிச்ச டேப்புக்கெல்லாம் ஃபேவரைட் பட்டனை மட்டும் அமுக்கிட்டு நிம்மதியா இருந்தேன், ஒரு நாள் சைட்டே தொறக்கல. அக்கவுன்ட் போச்சு, லிஸ்ட் போச்சு. பெரிய பேரையெல்லாம் ஞாபகத்துல இருந்து தேடிட்டேன், ஆனா அதுல ஒரு டேப், நீல அட்டை, கவர்ல ஒரு படிக்கட்டு, மூணாவது பாட்டுல மழைச் சத்தத்தோட பீட் ஆரம்பிக்கும், பேரு சுத்தமா மறந்துபோச்சு. இன்டர்நெட் ஆர்கைவ்ல நீல அட்டையா பாத்து பாத்து இன்னும் தொறந்துட்டு இருக்கேன்.